நுண்ணிசைவுக்கு விளக்கம்: கடவுளா, பல பிரபஞ்சங்களா?

கார்பன் அணுக்கருவில் ஏறத்தாழ 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று வானியலாளர் பிரெட் ஹாயில் 1953-இல் வாதிட்டார். சோதனையில் அது கிடைத்தது. அது இல்லையென்றால் உயிருக்கு அடிப்படையான கார்பன் விண்மீன்களில் போதிய அளவு உருவாகாது. இயற்கையின் அடிப்படை எண்களான மாறிலிகள் இப்படி உயிருக்கு ஏற்றபடி நுட்பமாக அமைந்திருப்பதையே நுண்ணிசைவு என்கிறார்கள். இத்தனை இசைவுக்கு எந்த விளக்கத்தை ஏற்பது?

விளக்கும் விதம்
கடவுள்: உயிர் தோன்ற வேண்டும் என்ற நோக்கம்.
பல பிரபஞ்சங்கள்: மாறிலிகள் வெவ்வேறாக அமைந்த எண்ணற்றவற்றுள், வாழத்தக்க ஒன்றில்தான் நாம் இருக்க முடியும்.

சோதனை
கடவுள்: எந்த எண்ணையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
பல பிரபஞ்சங்கள்: நேரில் காண வழியில்லை. ஆனாலும் இதே தடத்தில் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1987-இல் அண்டவியல் மாறிலிக்கு (பிரபஞ்ச விரிவை முடுக்கும் வெற்றுவெளி ஆற்றலைக் குறிக்கும் எண்) ஓர் உச்சவரம்பு காட்டினார். 1998-இல் பிரபஞ்ச விரிவின் முடுக்கம் தெரியவந்தபோது, அந்த மாறிலியின் மதிப்பு அந்த வரம்புக்குள்ளேயே இருந்தது. இதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன்.

எஞ்சும் கேள்வி
கடவுள்: அவருக்குக் காரணம் எது?
பல பிரபஞ்சங்கள்: அவற்றைப் பிறப்பிக்கும் விதி எங்கிருந்து வந்தது?

நாளை ஆழமான ஒரு விதி இந்த எண்களை விளக்கிவிடலாம். ஆகவே நம்பிக்கையை முழுவதும் ஒரு மாறிலியின்மேல் கட்ட வேண்டாம். கணக்கின் வழியே முன்னேற விரும்புகிறவருக்குப் பல பிரபஞ்சங்கள் பொருந்தும். எதுவுமே ஏன் இருக்கிறது என்று கேட்பவருக்குக் கடவுள்.