வேலை வழக்கா, தத்து வழக்கா: தனி வக்கீலுக்கு எது?

ஜூனியர் இல்லை, கூட்டாளி இல்லை. போன் எடுப்பது, மனு டைப் அடிப்பது, கோர்ட்டில் எழுந்து நிற்பது எல்லாம் ஒரே ஆள். இப்படித் தனியாகத் தொழில் நடத்தும் சிலர் வேலை வழக்கு, தத்தெடுப்பு இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எதற்கு அதிக நாளை ஒதுக்குவது?

வேலை வழக்கை ஆட்டிவைப்பது தேதி. பணிநீக்கக் கடிதத்தோடு வருபவர் கதையை ஆரம்பிக்கும் முன்பே வக்கீலின் கண் கடிதத்தின் தேதியைத் தேடும். ஜெர்மனியில் பணிநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட, கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 3 வாரம்தான். அமெரிக்காவில் வேலையிடப் பாகுபாட்டுப் புகாரை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300. வந்தவரோ, முதலாளி மனம் மாறுவார் என்று பாதி நாளைக் கழித்துவிட்டுத்தான் வந்திருப்பார். வக்கீல் காய்ச்சலில் படுக்கலாம், கெடு படுக்காது.

தத்து வழக்கில் அவசரம்தான் ஆபத்து. நாடு விட்டு நாடு தத்துக்கான 1993 ஹேக் உடன்படிக்கைப்படி, தாயின் சம்மதம் தேவைப்படும் இடத்தில் அதைக் குழந்தை பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும். அதுவரை அவள் மனம் மாறலாம். தொட்டில் வாங்கி வைத்துவிட்ட தம்பதியிடம் ‘அது அவர் உரிமை’ என்று சொல்ல வேண்டியவர் இந்த வக்கீல்தான். தத்து என்றாலே மனநிறைவான வேலை என்பவர்கள் இந்த போன் காலைப் பேசியிருக்க மாட்டார்கள்.

சரி, வருமானம்? வேலை போனவரிடம் ஃபீஸ் கொடுக்கப் பணம் இருக்காது. ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாடு சில நாடுகளில் செல்லும், சிலவற்றில் செல்லாது. செல்லும் இடத்திலும் தீர்ப்போ சமரசமோ வரும்வரை ஆபீஸ் வாடகையைத் தானே சமாளிக்க வேண்டும். நிறுவனத் தரப்பில் நின்றால் பணம் ஒழுங்காக வரும். ஆனால் அதே நிறுவனத்தின் ஊழியர் நாளை வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தத்தில் ஃபீஸை முன்கூட்டியே பேசி முடிக்கலாம், ஆனால் உச்சவரம்பு உண்டு. அதே உடன்படிக்கையின் 32-வது பிரிவு நியாயமான ஃபீஸுக்கு மேல் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்கிறது. குழந்தை விஷயத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது பிழையின் விலை. நிலுவைச் சம்பளத்தைத் தப்பாகக் கூட்டினால் பெரும்பாலும் திருத்த மனு போட்டுச் சரிசெய்துவிடலாம். தத்தில் பெற்ற தகப்பனுக்கு நோட்டீஸ் போகாமல் விட்டால், குழந்தை ஒட்டிக்கொண்ட பிறகு உத்தரவே ஆட்டம் காணலாம். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று அது பின்னாலேயே வரும். இதையெல்லாம் சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது.

அதனால் என் ஓட்டு, வேலை வழக்கை முதன்மையாக வைத்து, தத்து வழக்குகளை விரல் விட்டு எண்ணும் அளவில் எடுப்பவருக்கு. தத்தை மட்டுமே நம்பிக் கடை விரிப்பது தனி ஆளுக்குத் தாங்காது.

அப்புறம், இரண்டும் ஒரே மேஜைக்கு வரும் நாளும் உண்டு. உத்தரவு வாங்கிப்போன அம்மா சில வாரத்தில் திரும்பி வருவார்: ‘பெற்றவர்களுக்குத்தான் லீவாம், எனக்கு இல்லையாம்.’ தத்தெடுத்தவர்களுக்கும் விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டம் ஆகாது. அவருடைய நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க, பழைய ஃபைலுக்குப் பக்கத்திலேயே புது ஃபைல் திறக்க வேண்டியதுதான்.