காதுமடல் ஒட்டா, நெற்றித்தோலா? சிறுவர் மூக்குச் சீரமைப்பு

நாய் கடித்து மூக்கின் ஓரம் பிய்ந்துபோன குழந்தையைப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கோ திருச்சூருக்கோ தூக்கிச் செல்லும் பெற்றோர், ரேபிஸ் தடுப்பூசியெல்லாம் போட்டுப் புண் ஆறிய பிறகு, பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கும்.

முதலாவது, காதுமடலின் மேல்விளிம்பு கன்னத்தோடு சேரும் இடத்திலிருந்து சிறு துண்டை எடுத்து மூக்கில் தைப்பது; இதுவே காதுமடல் ஒட்டு. கோனிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1902இலேயே இதை எழுதிவைத்தார். வெளித்தோல், உள்தோல், இடையில் தாங்கிப் பிடிக்கும் குருத்தெலும்பு ஆகிய மூன்றும் ஒரே துண்டில் கிடைப்பதோடு, அதன் வளைவும் மூக்குமடலின் வளைவை ஒத்திருக்கும். காது சற்றே சிறுக்கும். கம்மல் போடும் சோணைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தனக்கென ரத்தக்குழாய் இல்லாத அந்தத் துண்டு, முதல் ஓரிரு நாள் சுற்றியுள்ள சதையில் ஊறும் நீரைக்கொண்டே பிழைக்க வேண்டும் என்பதால், ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுப்பகுதி கருகும் ஆபத்து கூடுகிறது. தைத்தவுடன் வெளுத்திருக்கும் துண்டு, அடுத்து நீலம் பாரிக்கும். பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பாகும். நீலத்தைக் கண்டதும் அழுகிவிட்டதென்று கலங்கும் தாய்மாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

இரண்டாவது, நெற்றித்தோலைப் புருவத்தின் உள்முனையிலுள்ள ரத்தக்குழாயோடு திருப்பி மூக்கில் பொருத்துவது. இது நம் நாட்டு முறை. 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியான புனே வண்டிக்காரர் ஒருவரின் சிகிச்சைச் செய்தி வழியாகவே ஐரோப்பாவில் பரவியது. ரத்த ஓட்டம் அறாததால் பெரிய இழப்பையும் மூடும். ஆயினும் நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே அந்தத் தோல்பாலம் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். அதை அறுக்க மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். நெற்றியில் தழும்பு நிலைக்கும். உள்தோலுக்கும் குருத்தெலும்புக்கும் தனி ஏற்பாடு தேவை.

ஆகவே, சிறிய விளிம்பு இழப்பானால் காதுமடல் ஒட்டையே முதலில் நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது பிடிக்காமல் போனாலும் நெற்றித்தோல் அப்படியே மிச்சமிருக்கும். மூக்குநுனி முழுவதும் போயிருந்தால் காதுத் துண்டை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. எந்த வழியானாலும், பதின்பருவம் வரை மூக்கு வளருமாதலால், பின்னாளில் சிறு திருத்தம் தேவைப்படலாம் என்பதையும், இரு மூக்குத் துளைகளைப் பிரிக்கும் நடுத்தண்டின் குருத்தெலும்பைத் தொடாமல் செய்ய முடியுமா என்பதையும் அறுவைக்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டும்.