ஆறு நாள் விடுப்பு, மூன்று தீவுகள்: பெங்களூரிலிருந்து ஒரு ஸ்கூபா கணக்கு

பெங்களூர் அலுவலகங்களில் ஸ்கூபா (காற்றுக்குடுவையோடு கடலுக்குள் முக்குளித்தல்) விடுமுறையைப் பற்றிய பேச்சு அறை வாடகையில் தொடங்கி, பெரும்பாலும் அறை வாடகையிலேயே முடிந்துவிடுகிறது. நீர்மேல் குடிலுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று விசாரிப்பவர்கள், அந்த ஆறு நாளில் எத்தனை முறை நல்ல கடலுக்குள் இறங்க முடியும் என்று விசாரிப்பதில்லை. அந்தமானின் ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு), மாலத்தீவின் தனித்தீவு ரிசார்ட், அதே மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லம் ஆகிய மூன்றையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கிறேன்.

பயணத்தில் மாலத்தீவு முந்துகிறது. தலைநகர் மாலேவுக்கு நேரடி விமானத்தில் சுமார் 2 மணி நேரம்தான். இந்தியர்களுக்குச் சுற்றுலா அனுமதி இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தொலைவிலுள்ள ரிசார்ட்டுக்குச் செல்லும் கடல் விமானங்கள் இருட்டிய பின் பறப்பதில்லை என்பதால், மாலையில் போய் இறங்குபவர் ஓர் இரவை மாலே அருகிலேயே கழிக்க நேரும். ஹேவ்லாக்குக்கு முதலில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வரை இரண்டரை மணி நேர விமானம், அதன் பிறகு சுமார் 2 மணி நேரக் கப்பல். முதல் நாள் ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

திரும்பும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. முக்குளிக்கும்போது உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறுகிறது. விமான அறையின் குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாக மாறினால் ஆபத்து. ஆகவே பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரிசார்ட்டில் இந்த உலர் நாளுக்கும் முழு வாடகை கொடுத்துக் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தமானிலோ கப்பல் கடல் மட்டத்திலேயே செல்வதால், காலையில் கடைசியாக ஒருமுறை இறங்கிவிட்டு மாலையில் போர்ட் பிளேர் வந்து, மறுநாள் செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம்.

கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு ஹேவ்லாக்தான் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 18 மீட்டர் ஆழம் வரை அனுமதிக்கும் 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்கு மூன்று, நான்கு நாட்கள் ஆகும். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் பெங்களூரிலேயே முடித்துக்கொண்டால், கடலில் மீதமிருக்கும் நான்கு முக்குளிப்புகளை இரண்டு நாளில் முடித்துவிடலாம். நீமோ ரீஃப் போன்ற ஆழமற்ற இடங்கள் பயில்வதற்கு இதமானவை. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான பாறைகளை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பர்மாவிலிருந்து 1920களில் வந்து குடியேறிய கரேன் சமூகத்தினர் பலர் இங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். மீனைக் காட்டுவதில் அவர்களுடைய கண்ணுக்கு ஈடில்லை. சளியோடு மட்டும் போகாதீர்கள்: காதடைப்பால் நான் இரண்டு நாள் படகில் உட்கார்ந்து பிறர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கட்டிய பணமும் திரும்பவில்லை.

மாலத்தீவின் பெருமை அதன் கால்வாய்களில் இருக்கிறது. பவள வளையங்களுக்கு நடுவே கடல் புகுந்து வெளியேறும் அந்த இடங்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். சுறாக்களும் திருக்கைகளும் கூடுவது அதனால்தான், புதியவர்களை அங்கே இறக்கத் தயங்குவதும் அதனால்தான். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அந்நாட்டு எல்லை 30 மீட்டர். அனுபவமில்லாதவர் பெரும்பணம் கொடுத்து ரிசார்ட்டுக்குப் போனாலும் தீவையொட்டிய பவளப்பாறையில்தான் இறங்குவார். அந்தப் பாறையும் எல்லாத் தீவிலும் அருகில் இருப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் கரைக்கும் கருநீலத்துக்கும் இடையே வெளிர்நீலப் பட்டை அகலமாகத் தெரிந்தால், படகு இல்லாமல் பவளத்தைப் பார்க்க முடியாது என்று பொருள். படகுக் கட்டணம், கருவி வாடகை, 10 சதவீத சேவைக் கட்டணம், சுற்றுலா வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி ஆகியவற்றையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும். துணைவர் முக்குளிக்காதவர், உடன் சிறு குழந்தை என்றால் ரிசார்ட் தன் விலைக்கு நியாயம் செய்யும். அது முக்குளிப்பவரின் கணக்கில் வராது.

சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு விருந்தினர் இல்லமே என் தேர்வு. அதே கால்வாய்கள், அதே சுறாக்கள். சிறிய இல்லங்களில் பசுமை வரி 6 டாலர்தான். மது கிடையாது, நீச்சலுடையில் திரிவதற்குத் தனிக் கடற்கரை உண்டு. சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் சூரை மீன் எதில் எல்லாம் இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அதன் வாசனை பழக்கமானதுதான். மாசிக் கருவாடு இந்தச் சூரை வகையில் செய்வதுதானே.

பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் கிளம்ப முடியும் என்றால், ஏப்ரலில் இரண்டு கடல்களுமே பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தசரா விடுமுறையில் மாலத்தீவின் பா பவளத்தீவுப் பகுதியில் மாண்டா திருக்கைகளைக் காணலாம். ஆனால் அவை பெருங்கூட்டமாகச் சேரும் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்குத் தடை, மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்னார்க்கலிங் மட்டுமே.

ஆறு நாளே கிடைக்காதவர்கள் கர்நாடகக் கடற்கரையில் உள்ள முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவுக்குப் போய்வருகிறார்கள். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் நல்ல இடம்தான். ஆனால் முக்குளித்த அன்றிரவே பேருந்தில் ஏறுகிற வழக்கம் சரியல்ல. விமானத்துக்கான காத்திருப்பு விதி 600 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்திலிருந்தே பொருந்துகிறது. பெங்களூரோ சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றிரவு முருடேஸ்வரிலேயே தங்கிவிட்டு மறுநாள் மலையேறிப் பெங்களூர் திரும்புங்கள்.