ஆற்று மணலா, எம்-சாண்டா? ஆற்றையும் மலையையும் பக்கத்தில் வைத்து ஓர் அலசல்

திருச்சியில் தம்பி வீடு கட்ட ஆரம்பித்தபோது கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, "ஆத்து மணலாண்ணே, எம்-சாண்டா?" பதிலையும் அவரே சொன்னார்: "ஆத்து மணல்னா பூச்சு வழவழன்னு வரும். காசு கூட ஆகும், அவ்வளவுதான்." அவ்வளவுதானா என்று எனக்கு உறுத்தியது. அதனால்தான் இந்த அலசல்.

இரண்டையும் ஒவ்வொரு பிடி அள்ளிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆற்று மணல் பழுப்பாக இருக்கும், விரலிடுக்கில் நழுவும். தண்ணீர் காலகாலமாக உருட்டி உருட்டி முனை மழுங்கிய மணி அது. எம்-சாண்ட் சாம்பல் நிறம். கருங்கல்லை உடைத்து அரைத்ததால் முனை முனையாகக் குத்தும். ஒன்று ஆறு தருவது, மற்றது மலை தருவது. எதை வாங்கினாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் யாருக்கு என்ன போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஆறு. மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்குள் தண்ணீர் இருக்கும். பாலாற்றில் வெள்ளம் பார்ப்பதே அபூர்வம்; ஆனாலும் கரையோர ஊர்களுக்குக் குடிநீர் கொடுத்தது அந்த மணல்படுகைதான். திருச்சிப் பக்கம் காவிரி மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் ராமநாதபுரம் வரை கூட்டுக் குடிநீர் போகிறது. ஒரு மீட்டர் ஆழம் என்று அனுமதி தந்த குவாரியில் ஆள் உயரம் தாண்டித் தோண்டினால் போவது மணல் மட்டுமல்ல. ஆற்றின் மட்டம் இறங்க, கரையோரக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கும். பாசன வாய்க்காலின் தலைப்பு மேலே நிற்க, தண்ணீர் கீழே ஓடும். கடல் பக்கத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். மணல் அள்ளியவருக்கு அது இரண்டு மணி நேர வேலை. நட்டம் சுற்றுவட்டாரம் முழுக்க.

மணலைப் புதுப்பிக்கத்தக்க வளம் என்று நினைத்திருப்போம். வெள்ளம் வந்தால் புது மணல் வருமே என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. காவிரியில் 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலிருந்து உருண்டு வரும் மணலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. கீழே நாம் எடுப்பது பழைய சேமிப்பு. வரவு பெரும்பாலும் நின்றுபோன கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது இதன் விளைவைத் திருச்சிக்காரர்கள் கண்ணால் பார்த்தோம். பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாளிலேயே முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836இல் கட்டிய அணை. பழமையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலடி மணல் இறங்கிய கட்டுமானம் எதை நம்பி நிற்கும்? தாமிரபரணியில் மணல் அள்ள 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 5 ஆண்டு தடை போட்டதே, தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், அந்தத் தடை மற்ற ஆறுகளுக்கும் அப்போதே வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, எம்-சாண்ட் வாங்கிவிட்டால் மனசாட்சிக்கு நிம்மதியா? இல்லை. வெடி வைத்துப் பாறையைப் பெயர்க்க வேண்டும், கிரஷரில் உடைக்க வேண்டும், கழுவ வேண்டும். ஆற்று மணலுக்கு ஆகாத மின்சாரமும் தண்ணீரும் இதற்கு ஆகும். குவாரிப் பக்கத்து வீடுகளில் சுவர் விரிசல், பயிர் மேல் வெள்ளைத் தூசி. தொழிலாளியின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசிக்கு மருந்தே கிடையாது. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 4 பேர் இறந்ததை மறக்க முடியாது.

இன்னொன்று. மலை என்பது வெறும் கல் இல்லை. மதுரை அரிட்டாபட்டிக்குப் போனால் புரியும். 7 குன்றுகளும் அவற்றை ஒட்டி 200 சுனைகளும் 72 ஏரிகளும் என்று அரசே கணக்குச் சொல்லி, 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். பாறையில் விழும் மழை சுனைக்கும் ஏரிக்கும் இறங்குகிறது. அப்படிப்பட்ட குன்றை ஒரு முறை உடைத்தால் உடைத்ததுதான். ஆற்றைச் சும்மா விட்டால் சில வெள்ளங்களில் ஓரளவாவது தேறும். குன்று திரும்ப வராது.

அப்படியானால் எது மேல்? கல்குவாரியின் பாதிப்பு நிரந்தரம், ஆனால் பெரும்பாலும் சுற்றியுள்ள சில ஊர்களோடு நிற்கும். இடம் பார்த்து, ஊரையும் நீர்நிலையையும் விட்டுத் தள்ளி அனுமதித்தால் இன்னும் குறைக்கலாம். ஆற்றில் அப்படி இடம் பார்க்க வழியில்லை; எங்கே தோண்டினாலும் அது மேலேயும் கீழேயும் பரவும், குடிநீரில் கை வைக்கும். இன்றைய நிலையில் என் ஓட்டு எம்-சாண்டுக்குத்தான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். கிரஷர் டஸ்டையே, அதாவது கல் உடைக்கும்போது மிஞ்சும் தூளையே, எம்-சாண்ட் என்று தள்ளிவிடுவது சாதாரணம். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதிப்படி 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி மணல், மேலே தண்ணீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மணல் மேல் பாலாடை போல் தடித்த தூள் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். முனை குத்துவதால் கலவைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அதற்காக இஷ்டத்துக்கு ஊற்றினால் வலு போய்விடும்.

மற்ற வழிகளும் உண்டு. 2017இல் மலேசிய மணல் 50,000 டன்னுக்கு மேல் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. நம் ஆற்றுக்குப் பதில் இன்னொரு நாட்டு ஆற்றில் அள்ளுவதை நான் தீர்வாகப் பார்க்கவில்லை. கடல் மணலின் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கட்டட இடிபாட்டை உடைத்துத் திரும்பப் பயன்படுத்துவது நல்ல வழி, ஆனால் இன்னும் நம் ஊர்க் கடைகளில் கேட்டால் கிடைப்பதில்லை.

கடைசியில் தம்பி எம்-சாண்ட் போட்டான். அப்புறம், சுற்றுச்சுவருக்குப் பூச்சே வேண்டாம், செங்கல்லை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். பூச்சு இல்லையென்றால் அந்த மணலே வேண்டாமே. செங்கல் இடுக்குகளைச் சீராகத் தீற்றக் கொத்தனார் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டார். கூலியோடு கொடுத்தோம்.