செஸ்னா 172-ஆ, 182-ஆ? கலஹாரியைத் தாண்டப் போகிறவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லான்சீரியாவில் கிளம்பி, போட்ஸ்வானாவின் மவுன், அப்புறம் நமீபியாவின் விண்ட்ஹூக் என்று தானே ஓட்டிப் போகிறவர்கள் வாடகைக்குப் பார்ப்பது பெரும்பாலும் செஸ்னா 172, 182 என்ற இந்த இரண்டு சின்ன விமானங்களைத்தான். நான் எடுத்தது 182. மறுபடி போனாலும் அதுதான்.

172 எல்லோருக்கும் பழகின விமானம். வாடகை குறைவு, மணிக்கு 35 லிட்டருக்குள் அவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல். இரண்டிலும் இறக்கை மேலே இருப்பதால் கீழே யானைக்கூட்டம் போனால் மறைக்காது.

ஆனால் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரமும் வெயிலும்தான். விண்ட்ஹூக் ஏரோஸ் ஓடுபாதையே கடல் மட்டத்துக்கு 5,500 அடி மேலே இருக்கிறது. மதியம் 35 டிகிரி அடித்தால் காற்று மெலிந்து, எஞ்சினுக்கு அது 9,000 அடியில் நிற்கிற மாதிரிதான். டர்போ இல்லாத எஞ்சின் கால் பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். 160 குதிரைசக்தி 172 ஏறக்குறைய 117-க்கு வந்துவிடும், 230 உள்ள 182-இல் அப்போதும் 168 மிஞ்சும். 182 எடை கூடுதல்தான், சரி, ஆனாலும் எடைக்கேற்ற சக்தி அதில்தான் அதிகம். இரண்டு பேர், பைகள், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றினால் 172-இல் கடைசியில் குறைக்க வேண்டியிருப்பது பெட்ரோலைத்தான், அதுவும் மவுனுக்கு நேராகப் போனாலே 800 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம், சாதாரண டேங்க்கில் எதிர்காற்று அடித்தால் வழியில் போட்ஸ்வானா தலைநகர் காபரோனில் இறங்கியே ஆக வேண்டும்.

182 மணிக்கு 50 லிட்டர் குடிக்கும். வேகமும் கூட என்பதால் கிலோமீட்டர் கணக்கில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. அதன் மூக்கு கனம். முன்சக்கரத்தில் அடித்து இறக்கினால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தடுப்புத் தகடு) மடங்கும், அதனால் சாவி வாங்குமுன் அந்தத் தகட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜல்லி ஓடுபாதையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முறுக்காதீர்கள், கல் தெறித்து புரொப்பெல்லர் விளிம்பு கொத்துப்படும். காட்டு விடுதிகளில் ராத்திரி சக்கரத்தைச் சுற்றி முள்கிளை போடச் சொல்வார்கள். கழுதைப்புலி டயரைக் கடிக்குமாம்! எந்த விமானமானாலும் இது பொது.

மவுனுக்குப் பக்கத்து ஒகவாங்கோ டெல்டாவில் வாடகைக்கு ஆளேற்றி சார்ட்டர் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் செஸ்னா 210 என்பார்கள். அதில் நான் பயணியாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன்; உள்ளே மடங்குகிற சக்கரம் புழுதி ஓடுபாதையில் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

தனி ஆள், ஒரே பை, ஜூன்-ஜூலை குளிரில் விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் இறங்கிவிடுவீர்கள் என்றால் 172-ஐ எடுத்து மிச்சப் பணத்தில் விடுதியில் இன்னொரு ராத்திரி தங்கலாம்.