1969 கமாரோவுக்கு சிஎஸ்144 ஆல்டர்னேட்டர்: ஐந்து கோடை ஓட்டிய பிறகு

டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் ட்ரீம் க்ரூஸைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாலையின் வேகம் தெரியும். 1995-இல் தொடங்கியது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய கார்கள் நத்தையாக நகரும். நடந்து போகிறவர் நம்மைத் தாண்டிப் போவார். மேலே வெயில், கீழே தார்ச் சூடு, முன்னால் நிற்கும் காரின் புகை. என்ஜினின் ஓட்டத்தில் காருக்கு மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. 2019 ஆகஸ்டில் என் 1969 கமாரோ அந்தப் பரீட்சையில்தான் தோற்றது.

கார் 350 கன அங்குல வி-8. கம்பெனியில் வந்தபோது இருந்தது 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், டெல்கோ ரெமியின் 10டிஎன் வகை. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக ரேடியேட்டர் பக்கத்துச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 1969-இல் அந்தக் காருக்கு அது போதும். இரண்டு விளக்கு, ஒரு ஏஎம் ரேடியோ, ஹீட்டர் மோட்டார், இக்னிஷன் காயில், அவ்வளவுதான் செலவு. நான் வாங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்: கார்புரேட்டரை எடுத்துவிட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன், டேங்குக்குள் மின்சார பெட்ரோல் பம்ப், இரட்டை ரேடியேட்டர் ஃபேன், புது ஏசி, ஹாலஜன் விளக்குகள். வரவைப் பார்க்காமல் செலவை ஏற்றிக்கொண்டே போனேன்.

கிளாம்ப் மீட்டர் வாங்கி ஒவ்வொன்றாக அளந்தபோதுதான் கணக்கு புரிந்தது. (டிசி மின்னோட்டம் அளக்கும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்தவை பல மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும்.) இன்ஜெக்ஷனும் பம்பும் சேர்த்து 14 ஆம்பியர். ஃபேன் இரண்டும் 26. ஏசி கிளட்ச், ப்ளோயர் இரண்டும் 12. விளக்குகள் எல்லாம் சேர்த்து 11. சூடான மாலையில், விளக்கு போட்டு, சாலையில் நின்றுகொண்டிருக்கும்போது மொத்தம் 63 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகிறது.

2019 வசந்தத்தில் நான் செய்தது பெரும்பாலானோர் செய்வதுதான். ‘140 ஆம்பியர், ஒற்றை ஒயர்’ என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த, பளபளவென்று குரோம் பூசிய ஒன்றை வாங்கினேன். 63 தேவை, 140 வருகிறது, இரண்டு மடங்குக்கு மேல் என்று நிம்மதியாக இருந்தேன். பொருத்துவதும் சுலபம், பேட்டரிக்கு ஒரே ஒயர். ஓட்டும்போது நன்றாகவே இருந்தது.

உட்வர்டில் ராயல் ஓக் தாண்டுவதற்குள் வோல்ட்மீட்டர் 12.2-க்கு இறங்கியது. ஃபேன் சுற்றும் சத்தமே மாறிவிட்டது. ஃபேன் மெதுவானால் என்ஜின் சூடாகும், என்ஜின் சூடானால் ஆல்டர்னேட்டரும் சூடாகும், அது இன்னும் குறைவாகக் கொடுக்கும். வட்டிக்கு வட்டி மாதிரி. கடைசியில் ஏசியை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஓரமாக ஒதுங்கி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். பின் இருக்கையில் என் மகள் அழுதாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பா கோயம்புத்தூரில் முப்பது வருடம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் ஆல்டர்னேட்டரையும் எல்லாரும் டைனமோ என்றுதான் சொல்வார்கள், அவரும் அப்படித்தான். போனில் நடந்ததைச் சொன்னேன்.

“ஏங்கண்ணு, அவன் சுத்தைக் கொறைச்சுக் கம்பியத் தடியாப் போட்டிருப்பான். வேகமாச் சுத்துனா அள்ளிக் கொடுக்கும். மெதுவாச் சுத்துனா ஒண்ணும் வராது. சூடான அப்பறம் எவ்வளவு வருதுன்னு பாத்தியா?”

“இல்லீங்கப்பா, இன்னும் பாக்கலீங்க.”

“அதப் பாரு மொதல்ல. பச்சையா இருக்கறப்ப எல்லா டைனமோவும் நல்லாத்தான் கொடுக்கும்.”

விஷயம் முழுக்க அதில்தான் இருந்தது. பெட்டியில் போடும் ஆம்பியர், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று போன்ற வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. என் என்ஜின் ஐடிலில், அதாவது கார் நிற்கும்போது சும்மா ஓடுகையில், 700. புல்லி விகிதம் (என்ஜின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்று என்பது) அப்போது 2.6 இருந்தது. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் சுற்றுவது சுமார் 1,800. ஸ்டேட்டர் என்ற அசையாத சுருளில் கம்பிச் சுற்று எண்ணிக்கையைக் குறைத்து, தடித்த கம்பி போட்டால் உச்ச ஆம்பியர் ஏறும், பெட்டியில் பெரிய எண் போடலாம். ஆனால் ஒவ்வொரு கம்பிச் சுற்றிலும் பிறக்கும் மின்னழுத்தம் சேர்ந்துதான் பேட்டரியை எட்ட வேண்டும். கம்பிச் சுற்று குறைந்தால் அதை எட்டுவதற்கே அதிக வேகம் தேவைப்படும். அதோடு சூடு. செம்பின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். உள்ளே சுழலும் ரோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டம் குறையும், காந்தப்புலம் தளரும்.

அடுத்த வாரம் என்ஜினை அரை மணி நேரம் சூடேற்றி அளந்தேன். அந்த 140 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சூடான ஐடிலில் கொடுத்தது 41. பற்றாக்குறையான 22-ஐ பேட்டரிதான் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தது.

ஒற்றை ஒயர் வகையின் இன்னும் இரண்டு குணங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, காரை ஸ்டார்ட் செய்தவுடன் அது விழிக்காது. ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை அழுத்தி வேகம் ஏற்றினால்தான் ரெகுலேட்டர் தானாக உயிர் பெறும். இரண்டாவது, அது தன் சொந்த முனையில் இருக்கும் வோல்ட்டேஜை மட்டுமே பார்க்கிறது. அங்கே 14.3 இருந்தால் திருப்தியாகிவிடும். பழைய ஷெவர்லேயில் மின்சாரம் பிரியும் முக்கியச் சந்திப்பு ஹாரன் ரிலே பக்கத்தில் இருக்கிறது. என் காரில் அங்கே 13.4 தான் இருந்தது. நடுவே இருந்த ஐம்பது வருட ஒயர் 0.9 வோல்ட்டைத் தின்றுவிட்டது. எளிய, மின்சுமை குறைந்த ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) வகைக்கு ஒற்றை ஒயர் போதும் என்று சொல்வேன். இன்ஜெக்ஷனும் ஃபேனும் உள்ள காருக்கு இனி ஒருபோதும் வாங்க மாட்டேன்.

அடுத்து எது என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஆல்டர்னேட்டர் வகைகளைத் தேடினேன். 10எஸ்ஐ, உள்ளேயே ரெகுலேட்டர் வைத்தது, 1970-களின் ஜிஎம் கார்களில் வந்தது. அதிகபட்சம் 63 ஆம்பியர், எனக்குப் போதாது. 12எஸ்ஐ, அதே உருவம், பெரிய ஃபேன், 94 ஆம்பியர் வரை. பழைய தாங்கியில் அப்படியே உட்காரும், பார்ப்பதற்கும் பழைய சாமான் போலவே இருக்கும். ஃபேன் ஒன்று மட்டும் உள்ள காராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். சிஎஸ்130 சிறியது, 105 ஆம்பியர். ஆனால் அதன் டயோடுகள் சூட்டில் போய்விடும் என்ற பெயர் அதற்கு உண்டு, உட்வர்ட் நினைவு வந்ததும் அதை விட்டுவிட்டேன். கடைசியில் எடுத்தது சிஎஸ்144. 1994 முதல் 1996 வரை வந்த இம்பாலா எஸ்எஸ் காரில் இருந்த அதே 140 ஆம்பியர் வகை. மறுசீரமைத்தது, 165 டாலர். குரோம் இல்லை, வெறும் அலுமினியம்.

எண் பழையதும் 140, புதியதும் 140. இதைப் பார்த்த என் நண்பர் “அதே தானே?” என்று கேட்டார். இல்லை. இது போலீஸ் காரும் டாக்ஸியும் மணிக்கணக்காக ஐடிலில் நிற்பதை மனதில் வைத்துப் போடப்பட்ட வகை.

பொருத்துவதில் கொஞ்சம் வேலை இருந்தது. 1969-இல் ஷெவர்லே நீளமான வாட்டர் பம்புக்கு மாறியபோது ஆல்டர்னேட்டரை பயணி பக்கம் கொண்டுபோனது. அந்தத் தாங்கியில் சிஎஸ்144-இன் உடம்பு சற்றுப் பெரிது. கீழ்த்தாங்கியில் ஒரு ஓரத்தை அரத்தால் தேய்த்தேன், பின்னால் ஒரு வாஷர் சேர்த்தேன். பல வரிகள் உள்ள தட்டை பெல்ட்டுக்கான புல்லியைக் கழற்றி, வி பெல்ட்டுக்கான சிறிய புல்லி போட்டேன். விகிதம் 2.9 ஆனது, ஐடிலில் சுமார் 2,000 சுற்று. என் என்ஜினை 5,500-க்கு மேல் ஏற்றுவதில்லை. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் 16,000-ஐ எட்டும். அதற்கு மேல் சிறிய புல்லி போட எனக்கு மனமில்லை.

பின்பக்க பிளக்கில் நான்கு முனைகள்: பி, எல், எஃப், எஸ். நான் பயன்படுத்துவது எல், எஸ் இரண்டு மட்டும். எஸ் முனையை ஹாரன் ரிலே சந்திப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தேன், இப்போது ரெகுலேட்டர் கார் உண்மையில் பெறும் வோல்ட்டேஜைப் பார்க்கிறது. எல் முனை டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கு வழியாக வர வேண்டும். இங்கே ஒரு வேண்டுகோள்: எல் முனைக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். நடுவே பல்போ ரெசிஸ்டரோ கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ரெகுலேட்டர் எரிந்துபோகும். ஆல்டர்னேட்டர் வந்து ஆறு வருடம் ஆகியும் அந்த விளக்கில் ஷெவர்லே ‘ஜென்’ என்றே எழுதியிருந்தது, ஜெனரேட்டர் காலத்து மிச்சம். எனக்கு அந்த விளக்கின் மேல் தனிப் பிரியம்.

ஒயரிங்கில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டியதும் அங்கேதான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 4 கேஜ் ஒயர், பேட்டரி பக்கத்தில் 150 ஆம்பியர் பியூஸ். என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே புது எர்த் பட்டை, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினேன். முழுச் சுமையில் ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரிக்கும் நடுவே வோல்ட்டேஜ் இழப்பு இப்போது 0.15. பழைய ரெகுலேட்டர் பெட்டியை அழகுக்காக அதே இடத்தில் விட்டிருக்கிறேன், உள்ளே ஒன்றுமில்லை.

டாட்ஜ் சேலஞ்சர், சார்ஜர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னைவிட இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கால மோப்பார் (க்ரைஸ்லர் நிறுவன) கார்களில் சார்ஜ் மின்னோட்டம் தீத்தடுப்புச் சுவரின் பிளக் வழியாக டேஷ்போர்டுக்குள் போய், ஆம்மீட்டரைக் கடந்து திரும்பி வருகிறது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டுவிட்டு அந்தப் பாதையை அப்படியே விட்டால் அந்த இணைப்புகள் உருகும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கும். முதலில் ஒயரிங், அப்புறம்தான் ஆல்டர்னேட்டர். மஸ்டாங் நண்பர்கள் ஃபோர்டின் 3ஜி என்ற 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் பார்க்கலாம். 2ஜி வகை மட்டும் வேண்டாம், அதன் பிளக் எரிவது ஊரறிந்த விஷயம்.

2020-இல் கொரோனாவால் உட்வர்ட் க்ரூஸ் நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில்தான் உண்மையான பரீட்சை. ஃபெர்ன்டேலில் நுழைந்து ஐந்து மணி நேரம். ஏசி, ஃபேன், அந்தி சாய்ந்ததும் விளக்கு, எல்லாம் ஓடின. சூடான ஐடிலில் 63 ஆம்பியரும் வந்தது, வோல்ட்மீட்டர் 13.8-இல் நின்றது. வீட்டில் பிறகு சுமையை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தேன், 68-ஐத் தாண்டியதும் வோல்ட்டேஜ் இறங்கத் தொடங்கியது. அதாவது ஐந்து ஆம்பியர்தான் மிச்சம். பெரிய ஸ்டீரியோ சேர்க்கும் ஆசையை அன்றே விட்டுவிட்டேன்.

இந்த ஐந்து கோடையில் சுமார் 11,000 மைல். குறைகள் இருந்தன. முதல் வருடம் பெல்ட் கீச்சிட்டது, குறிப்பாகக் குளிர்கால ஓய்வு முடிந்து பேட்டரி தளர்ந்திருக்கும்போது. ஒற்றை வி பெல்ட் 100 ஆம்பியர் அளவுக்குத்தான் வழுக்காமல் இழுக்கும். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் 1,400 வாட், ஆல்டர்னேட்டரின் வீணடிப்பையும் சேர்த்தால் மூன்று குதிரைத் திறனுக்கு மேல் அந்த ஒரு பெல்ட்டில் தொங்குகிறது. பல்வெட்டு உள்ள நல்ல பெல்ட் மாற்றினேன், ஏப்ரலில் காரை எடுப்பதற்கு முந்தைய இரவே பேட்டரியைச் சார்ஜரில் போடுகிறேன். கீச்சு நின்றது. 120 ஆம்பியர் தொடர்ந்து தேவைப்படுபவர் இரட்டை பெல்ட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

2023-இல் டேஷ்போர்டு பல்புகளை எல்இடிக்கு மாற்றியபோது ஆல்டர்னேட்டர் ஸ்டார்ட் ஆனதும் விழிக்காமல் அடம்பிடித்தது. ஆல்டர்னேட்டரை விழிக்க வைக்கப் போதிய மின்னோட்டம் எல்இடி வழியாகப் போகவில்லை. என் புது வயரிங்கில் பழைய காரில் இருக்கும் இணை ரெசிஸ்டர் கம்பியும் இல்லை. ‘ஜென்’ விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பைத் திரும்பப் போட்டேன், சரியானது. கடந்த குளிர்காலத்தில் கழற்றிப் பார்த்தேன். பேரிங் சத்தமில்லை, ஸ்லிப் ரிங் வழவழப்பாக இருக்கிறது, பிரஷ்ஷில் பாதிக்கு மேல் மிச்சம்.

நீங்கள் வாங்கும்போது விற்பவரிடம், சூடான நிலையில், ஆல்டர்னேட்டர் 2,000 சுற்றில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். சோதனை அட்டையோடு அனுப்பும் கடைகள் இருக்கின்றன, அதில் ஐடில் எண்ணும் உச்ச எண்ணும் தனித்தனியாக இருக்கும். முதல் எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் நான் வாங்குவதில்லை. கமாரோவோடு பிறந்த அந்த 37 ஆம்பியரை எண்ணெய்த் துணியில் சுற்றி கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதன் உடம்பில் குத்திய தேதி முத்திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.