தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: பார்க்கப் போகிறவர்களுக்கு

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்து தரங்கம்பாடியில் இறங்கிக் கிழக்கே நடந்தால், 1792-இல் கட்டிய நகர வாயில். அதைத் தாண்டி ராஜா வீதி நேராகக் கடலுக்கே போகும். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டை இது; 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கீழ்த்தளத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். கிடங்கு, சிறை எல்லாம் அங்கேதான். உப்புக்காற்று சுண்ணாம்புப் பூச்சை அரித்து, உள்ளிருக்கும் செங்கல் தெரிவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அருங்காட்சியகத்தில் பொருட்கள் அருமை. விளக்க அட்டைகள்தான் போதாது. மதில்மேல் நிழலே கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள். வடக்கே கரையோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைக் கட்டாயம் பார்க்கணும். 1306-இல் பாண்டியர் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பாறாங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.